ஹம்முக்குப் போக ஒரு கேஸ்

1

கொழும்பிலிருந்து தங்கச்சி எழுதிய கடிதத்தில் சுகம் விசாரித்தது இரண்டு வரி. மிச்சம் முழுக்க ஒரே கேள்வி. "அக்கா, ஜேர்மனியிலை ஹம் எண்டொரு இடமாம். எங்கட சனமெல்லாம் அங்கதானாம். கோயில் இருக்காம், தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்காம், முருங்கைக்காய்கூட வாங்கலாமாம். நீங்கள் மட்டும் ஏன் போகேல்லை?"

இதையே ஊரில் இன்னும் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்று தெரியும். ஆகவே அவளுக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் கிழக்கு பேர்லின் வழியாக வந்து இறங்கிய எங்களை, அரசாங்கம் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பியது. எங்களுக்கு விழுந்தது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். அப்போது யாரும் எங்கள் விருப்பத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. விழுந்த இடத்தில் வீடு எடுத்து, வேலை தேடி, பிள்ளை வளர்த்து, ஒருவாறு வேர்விட்ட பிறகு, இந்தத் தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சனத்துக்கு ஒரு புது வருத்தம் தொற்றுநோய்போல் பிடித்தது. அதற்குப் பெயர் ஹம். அது வடமேற்கே, ரூர் என்ற தொழிற்சாலைப் பிரதேசத்துப் பக்கத்து நகரம். இங்கிருந்து ரயிலில் போனால் ஒரு பகல் போய்விடும். மாதத்துக்கு ஒரு குடும்பமாவது பெட்டி கட்டியது.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். இடம் மாறுகிறவர்கள் சொல்லும் காரணத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வாடகை கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனவர், உண்மையில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவில் தன் மனைவியை மூன்று செக்கன்தான் காட்டினார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவர். பிள்ளைக்கு இழுப்பு, இந்தக் காலநிலை ஒத்துவராது என்று போனவருக்கு, அடுத்த தெருவில் மச்சாள் குடிவந்த காலநிலைதான் ஒத்துவரவில்லை. கோயிலுக்காகப் போகிறேன் என்று கண்கலங்கியவர், ஊரில் தேர்த் திருவிழா அன்றும் சீட்டுக் கடுதாசி விளையாடியவர்.

2

என் வீட்டுக்காரர் பாலேந்திரனுக்கு அந்த வருத்தம் பிடித்தது ஒரு சனிக்கிழமை, ஹம்மிலிருந்து வந்த தொலைபேசியோடு. அன்றைக்கு வாடகைதான் காரணமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அது கோயிலாக மாறியது. வியாழக்கிழமை பிள்ளையின் எதிர்காலமாகப் பெருத்துவிட்டது.

"தரணிக்குத் தமிழ் வாயிலை வருகுதில்லை. இப்பிடியே விட்டால் எங்கட பிள்ளை எங்களோட கதைக்க மொழிபெயர்ப்பாளர் பிடிக்கவேணும்," என்றார்.

தரணிக்குப் பதின்மூன்று வயது. அவள் பேசும் ஜேர்மன், எங்கள் வீட்டுச் சொந்தக்காரக் கிழவி பேசும் அதே இழுவையான ஸ்டுட்கார்ட் பக்கத்து ஜேர்மன். அவளுடைய அப்பா சொன்னது முழுவதும் உண்மைதான். ஆனால் அது முழுக் காரணம் இல்லை. முழுக் காரணத்தை நான் அடுத்த சனிக்கிழமைதான் கறந்தெடுத்தேன். ஹம்மில் எங்கள் ஊர்க்காரர் சேர்ந்து நடத்தும் ஒன்றியத்துக்குச் செயலாளர் பதவி காலியாக இருந்தது. இங்கே அவர் தொழிற்சாலையில் நான்காம் இலக்க மெசினுக்குப் பொறுப்பு. அங்கே போனால் ஓர் ஊருக்கே பொறுப்பு. எந்த ஆம்பிளைதான் அசையமாட்டான்?

என் பக்கத்து நிலைமையையும் சொல்லவேண்டும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கப் போன அறைகளில் கிழவர் கிழவிகளோடு கதைத்துக் கதைத்துத்தான் எனக்கு ஜேர்மன் வந்தது. அந்த வருடம் தலைமைத் தாதி என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் ஏன் பராமரிப்புக்கே படிக்கக்கூடாது?" என்று கேட்டார். மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது சம்பளத்தோடு தொழிற்படிப்பு, ஒக்டோபரில் தொடக்கம். எனக்கு முப்பத்தெட்டு வயது. அவர் வசனத்தை முடிக்க முன்னமே நான் ஓம் சொல்லிவிட்டேன். கலியாணத்துக்குக்கூட அவ்வளவு கெதியாகச் சொல்லவில்லை.

ஹம்முக்குப் போனால் அந்த இடம் போய்விடும். இன்னொரு மாநிலத்தில் இன்னொரு இல்லம் இந்த வயதில் என்னை எடுக்கும் என்று நம்ப நான் சின்னப்பிள்ளை இல்லை.

3

"வந்து ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லு" என்று என் வீட்டுக்காரர் ஒரு விடுமுறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

குறை சொல்லக்கூடாது, ஹம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரயிலடியிலேயே நாலு தமிழ்க் குரல் கேட்டது. ஒன்றியத் தலைவர் வீட்டில் தங்கினோம். அவருடைய மனைவி வசந்தி என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். சிரித்த முகம். இருபது பேருக்குத் தனியாகப் புட்டு அவித்து, கறி வைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டாள். "இஞ்ச வாங்கோ அக்கா, ஒரு குறையும் இல்லை. சனத்துக்குச் சனம் இருக்கு," என்றாள்.

சனம் இருந்தது உண்மை. முதல் மணித்தியாலத்திலேயே மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஊரிலை நீங்கள் எவடம்?" பதில் சொன்னால், "எவடத்திலை எந்தப் பக்கம்?" அதற்கும் சொன்னால், "குளத்துக்கு இஞ்சாலையோ அங்காலையோ?" இந்தக் கேள்விக்கு நில அளவையோடு ஒரு சம்பந்தமும் இல்லை. என்ன சாதி என்று கேட்க வெட்கப்படுகிறவர்கள் வரைபடம் கேட்கிறார்கள். குளத்துக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் தேத்தண்ணீர்க் கோப்பை எது என்று முடிவாகும். பதினொரு வருடமாக ஸ்டுட்கார்ட்டில் என்னை யாரும் குளத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை. அங்கே கேட்கிற ஒரே கேள்வி, இந்த வாரம் படிக்கட்டுக் கூட்டும் முறை யாருடையது என்பதுதான்.

திரும்பி வரும் ரயிலில் தரணி சொல்லுச் சொல்லாகத் தேடித் தன் அப்பாவிடம், "தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலை அந்தப் பிள்ளையள் எல்லாம் ஜேர்மனிலைதான் கதைச்சினம். நான் மட்டும்தான் தமிழிலை கதைச்சனான். அவை சிரிச்சினம்," என்றாள். அவர் யன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

எங்கள் இல்லத்துச் சமையல்காரர் ரே ஓர் அமெரிக்கன். இந்தப் பக்கத்து இராணுவ முகாமுக்குச் சிப்பாயாக வந்து, இங்கத்தைய பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டவர். இடைவேளையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு அவரிடம் ஹம் கதையைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். அமெரிக்காவுக்குள்ளேயே தான் ஐந்து மாநிலம் மாறியதாகச் சொன்னார். பிறந்த இடத்தில் உருக்காலை மூடிவிட்டது, தெற்கே போனார். தெற்கே வேலை இருந்தது. ஆனால் இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுக்காரர் கேக் ஒன்றோடு வந்து, நீங்கள் எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்று கேட்டாராம். கடைக்காரரும் அதையே கேட்டாராம். முடி வெட்டுகிறவரும் கேட்டாராம். எந்தச் சபைக்கும் இல்லை என்று சொன்ன பிறகு கேக் வரவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேற்கே கிளம்பிவிட்டார்.

"அங்கே ஏன்?" என்று கேட்டேன்.

"அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதுவும் கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. பிறகு வடக்கே போனேன்."

"வடக்கே என்ன வேலை?"

"வேலை இல்லை. மேற்கு பிடிக்கவில்லை, அவ்வளவுதான்."

நான் கத்தியை வைத்துவிட்டேன். "பிடிக்கவில்லை என்றால் எந்த அரசாங்கக் கந்தோரில் எழுதிக் கொடுத்தீர்கள்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. லொறி ஒன்றை வாடகைக்கு எடுத்து, கட்டிலையும் நாயையும் ஏற்றிக்கொண்டு ஓடினாராம். யாரிடமும் கேட்கவில்லையாம். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. ஐந்து மாநிலம் மாறிய மனிதன், ஒரு கையெழுத்துக்கூட வைக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு மாநிலம் தாண்ட வக்கீல் தேடுகிறார்கள்.

5

எங்கள் விசா அப்படி. அகதி அந்தஸ்து மறுக்கப்பட்டு, ஆனால் திருப்பி அனுப்பவும் முடியாமல், இரண்டு வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கிற இனம் நாங்கள். மாநிலம் மாறுவதென்றால் அன்ட்ராக் எழுதிப் போடவேண்டும். அந்த விண்ணப்பத் தாளில் "இடம்பெயர்வதற்கான காரணம்" என்று ஒரு கோடு. என் சுண்டுவிரல் நீளம். அதோடு, போகிற இடத்தில் வேலை கிடைத்த கடிதத்தை இணைத்தால் போதும்.

வேலைக் கடிதம் என் வீட்டுக்காரரிடம் இல்லை. ஆனாலும், "அன்ட்ராக்கைப் போட்டு வைப்பம். கிடைச்சால் பிறகு யோசிப்பம்," என்றார். எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில் நானும் கையெழுத்து வைத்தேன். என் புத்திசாலித்தனம் அந்தளவுதான்.

அந்தத் தாளைக் கொண்டுபோய் அவர் கொடுத்தது மாஸ்டரிடம்.

மாஸ்டரைத் தெரியாத தமிழர் இந்தப் பக்கத்தில் இல்லை. ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே கேஸ் எழுதுகிறார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு எழுதி எழுதியே ஜேர்மன் படித்தவர். அவருக்குக் கடையில் பால் கேட்கத் தெரியாது. ஆனால் "உயிராபத்து", "சகிக்கமுடியாத மன உளைச்சல்", "மனிதாபிமான அடிப்படையில்" எல்லாம் ஒரு பிழை இல்லாமல் எழுதுவார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எங்கள் கதையையும் யோசிக்கவேண்டும். வந்த புதிதில் விசாரணைக்குப் போய், ஏன் நாட்டைவிட்டு வந்தாய் என்று கேட்டபோது, "பயமாக இருந்தது" என்று சொன்னேன். அந்த மனிதர் பேனாவைப் பிடித்தபடி, "சரி, பிறகு?" என்று காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் இருக்கவில்லை. பயம்தான் முழுக் காரணம். அது போதாது என்று பதிவுத் தபாலில் எழுதி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் சனத்துக்கு ஒரு பாடம் எலும்பில் ஊறிவிட்டது: உள்ள காரணம் ஒருநாளும் போதாது, கூட்டிச் சொல்லவேண்டும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஹம்முக்குப் போவதற்கும் கேஸ் எழுதுகிற மனிதர்கள் உலகத்தில் எங்களைவிட வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை.

சுண்டுவிரல் கோட்டுக்கு மாஸ்டர் நாலு பக்கம் இணைத்தார். எனக்கு அதைக் காட்டவில்லை. "உனக்கேன் கரைச்சல், மாஸ்டர் வடிவா எழுதியிருக்கிறார்," என்றார் இவர்.

6

வெளிநாட்டவர் கந்தோரில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கிடைத்த நாளில் நானும் போகவேண்டியிருந்தது. இவருடைய ஜேர்மன் மெசினோடு பேசப் போதுமானது, மனிதரோடு பேச நான்தான் வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புது அலுவலர் அம்மா. இளம் வயது, நல்ல முகம். நாங்கள் கதிரையில் இருந்ததும், நான் இவருக்காகப் பேசத் தொடங்கினேன். பிறகு அந்த அம்மா, இணைப்பில் இருந்த பக்கங்களை வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் கெதியாகப் போனது, அது இவர் பிறந்த கதை. இரண்டாம் பக்கத்தில் புருவம் உயர்ந்தது.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுச் சொந்தக்காரியால் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்படுகிறார் என்று இருக்கிறது. என்ன வேலை?"

"படிக்கட்டுக் கூட்டுவது," என்றேன்.

"அது எல்லோரும் செய்வதுதானே. நானும் செய்கிறேன்."

"எங்கள் வீட்டில் நான்தான் செய்கிறேன்," என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் அவருடைய முகம் மாறியது. வாசித்தார், இன்னொருமுறை வாசித்தார். பிறகு இவரை மிகுந்த இரக்கத்தோடு பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இவருடைய மனைவி இப்போது வீட்டில் தனியாகவா இருக்கிறார்? இந்த நிலையில் தனியாக விடுவது ஆபத்தில்லையா? தயவுசெய்து கேளுங்கள்."

என்னை மொழிபெயர்க்க வந்த யாரோ என்று நினைத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். தந்தார். மாஸ்டரின் பிழையில்லாத ஜேர்மனில் எழுதியிருந்தது: என் மனைவி தன் இனத்தவர் எவருமில்லாத தனிமையினால் கடும் மனநோய்க்கு ஆளாகியுள்ளார். பகல் முழுவதும் யன்னலோரம் அமர்ந்து எவருடனும் பேசாமல் அழுகிறார். பெற்ற பிள்ளையை அடையாளம் காணத் தவறுகிறார். எந்த வேலையும் செய்ய இயலாதவராக இருக்கிறார்.

கடைசி வசனத்தை இன்னொருமுறை வாசித்தேன். ஒக்டோபருக்கு முன் படிப்புக்கு நான் வைத்தியரின் உடல்நலச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். இந்த நாட்டில் ஒரு கந்தோரில் எழுதின எழுத்து, இன்னொரு கந்தோருக்கு எங்களுக்கு முன்னமே போய்க் கதிரையில் இருக்கும் என்பது என் நம்பிக்கை. ஆறு வருடம் துடைத்துத் துடைத்துச் சம்பாதித்த ஒன்றை ஒரு கணக்கு வாத்தியார் ஒரு வரியில் அழித்துவிட்டார்.

இவரிடம் திரும்பினேன். "உங்கட மனிசியைத் தனிய விட்டிட்டு வந்தது ஆபத்தில்லையோ எண்டு கேக்கிறா."

அவர் நிலத்தைப் பார்த்தார். "சும்மா ஓமெண்டு சொல்லு. பிறகு கதைப்பம்."

"எதுக்கு ஓம்?"

"இஞ்சேர், காரியம் கெட்டுப்போடும். பக்கத்து வீட்டுக்காரி பாக்கிறா எண்டு சொல்லு."

எனக்கு ஜேர்மன் வந்த நாளிலிருந்து இவர் தமிழில் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் ஜேர்மனில் சொல்லிவந்தவள் நான். அன்றைக்குத்தான் முதல்முறை அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"அந்த மனைவி நான்தான்," என்றேன். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆறு வருடமாக வேலை செய்கிறேன். ஒக்டோபரில் படிக்கப் போகிறேன்."

அந்த அம்மா என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார், மூன்றாம் பக்கத்தையும் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா என்று இன்றுவரை தெரியாது. பிறகு நாலு பக்கத்தையும் விண்ணப்பத் தாளையும் ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டார். "இதை நீங்கள் இன்னும் என்னிடம் ஒப்படைக்கவில்லை," என்றார். "வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

7

பஸ்ஸில் தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நாலாம் தரிப்பிடத்தில் அவர், "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்," என்றார்.

"என்னை விசரியாக்கிப்போட்டுப் பொறுக்கச் சொல்லுறியளோ?"

"உன்னையில்லை. கேஸிலை இருக்கிறவளை."

"அவளும் நானும் ஒரே பேர். அவையளுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் மாஸ்டரில் இல்லை. என் படிப்பு இவருக்கு ஒரு காரணமாகவே படவில்லையே என்பதுதான். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க யன்னலோரம் இருந்து அழுதேன். கேஸ் எழுதினபடியே நடந்ததுதான் பகிடி.

மூன்றாம் பக்கத்தைத் தான் வாசிக்கவில்லை, மாஸ்டர் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்ததுதான் என்று அடுத்த நாள் சொன்னார். உண்மையா பொய்யா என்று நான் விசாரிக்கவில்லை. ஒன்றியத்துக்கு வேறு செயலாளர் கிடைத்துவிட்டார். இவர் நான்காம் இலக்க மெசினோடேயே நிற்கிறார். அந்தச் சனிக்கிழமை ஒருவரும் சொல்லாமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். நான் ஒக்டோபரில் படிப்புக்குப் போனேன். வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவளுக்குப் பதினேழு வயது.

ஆனால் கேஸ் அதோடு முடியவில்லை. தன் கேஸ் தோற்றது என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வராது. ஹம்முக்கு மாதம் ஒருமுறை போய்வருகிறவர், பாலேந்திரன் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, "மனிசிக்கு முத்திப்போச்சு. பிரயாணம் செய்ய ஏலாது," என்று சொல்லிவிட்டார். பிறகு தொலைபேசி ஓயவில்லை. ஒருவர் வல்லாரைச் சாறு குடிக்கச் சொன்னார். ஒருவர் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டதாகச் சொன்னார். இன்னொரு அம்மா என்னைத் தரணி என்று நினைத்து என்னிடமே, "பிள்ளை, போனை அவவிட்டைக் குடுக்கவேண்டாம், இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார். இருக்கிறா என்று சொல்லி வைத்தேன். ஸ்டுட்கார்ட்டில் பதினொரு வருடம் இருந்து கிடைக்காத பெயர், ஹம்முக்குப் போகாமலேயே கிடைத்துவிட்டது.

தங்கச்சியின் கடிதம் வந்த அதே வாரம், சனிக்கிழமை பின்னேரம், வசந்தி தொலைபேசி எடுத்தாள். ஒன்றியத் தலைவரின் மனைவி. கணவர் ஒன்றியக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று முதலில் சொன்னாள். பிறகு சுகம் கேட்டாள். நான் சட்டிக்குள் வெங்காயம் போட்டிருந்தேன்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? குறை நினைக்கக்கூடாது. உங்கட அந்த வருத்தத்துக்கு டொக்டர் என்ன மருந்து தந்தவர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை வசந்தி. அது மாஸ்டர் எழுதின கேஸ். தனிமை, யன்னலோரம் இருந்து அழுகிறது, பிள்ளையைத் தெரியேல்லை, எல்லாம் அவரின்ரை கற்பனை."

அந்தப் பக்கம் கதவொன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப," என்றாள், "அது எனக்கு மட்டும்தானோ அக்கா?"

நான் அடுப்பை நிறுத்தினேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்கோ வசந்தி," என்றேன்.